கார்மெனேர் ஒயினில் குடைமிளகாய் வாசனை: பாட்டில் கெட்டுவிட்டதா?

சாந்தியாகோவாசி:
வேலைக்காகச் சிலிக்கு வந்து ஐந்து மாதமாகிறது. நேற்று கார்மெனேர் என்ற சிவப்பு ஒயினைத் திறந்தேன். இனிப்பு துளியும் இல்லை, அது எனக்குப் பிடித்ததுதான். ஆனால் பச்சைக் குடைமிளகாய் நறுக்கிய பலகையை முகர்ந்ததுபோல் ஒரு வாசனை! வீட்டுக்கார அம்மாவோ, "இதைத்தான் அந்தக் காலத்தில் மெர்லோ என்று குடித்தோம்" என்று வேறொரு சிவப்பு ஒயினின் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார். ஏமாந்துவிட்டேனா?

கொடிக்கால்:
கெடவில்லை, ஏமாறவும் இல்லை. இங்கே கொல்சாகுவா பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டத்தில் இரண்டு பருவம் கூடை சுமந்தவன் சொல்கிறேன். திராட்சையிலேயே இருக்கும் பைரசின் என்ற வேதிப்பொருளின் வாசனை அது. காய் பழுக்கப் பழுக்கக் குறையும். அவசரப்பட்டுப் பறித்தால் அப்படியே தங்கிவிடும். அந்த அம்மா சொன்னதும் உண்மை. பிரான்சின் போர்தோவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த கொடிக்குச்சிகளில் கார்மெனேர், மெர்லோ என்ற இரண்டு திராட்சை ரகமும் கலந்திருந்தன. பிறகு வேர்ப்பேன் தாக்கி அங்கே கார்மெனேர் ஏறக்குறைய அழிந்தே போனது. இங்கே மெர்லோ என்ற பெயரில் பிழைத்துக் கிடந்தது. 1994 நவம்பரில், பிரான்சின் மொன்பெலியேவிலிருந்து வந்த திராட்சை வகை ஆய்வாளர் ழான்-மிஷெல் புர்சிகோ, இங்குள்ள மைப்போ பள்ளத்தாக்கில் பூவின் முறுக்கிய மகரந்தத் தாள்களைப் பார்த்து, "இது மெர்லோ இல்லை" என்று சொல்லிவிட்டார்.

சந்தேகப்பிராணி:
நூறு வருடத்துக்கு மேல் ஒரு விவசாயிக்கும் தெரியவில்லையா? நம்பும்படியாக இல்லையே.

கொடிக்கால்:
வேறுபாடு தெரிந்துதான் இருந்தது, பெயர்தான் தெரியவில்லை. தாமதமாகப் பழுப்பதை 'சிலி மெர்லோ' என்றே சொன்னார்கள். தோட்டத்தில் இரண்டும் கலந்து நின்றதால் ஒரே நாளில் பறித்தார்கள். மெர்லோ பழுத்து இரண்டு மூன்று வாரமாவது கழித்துத்தான் இது பழுக்கும். அந்தக் காலத்து ஒயினில் பச்சை வாடை அடித்ததில் வியப்பென்ன? இளந்தளிரைத் திருப்பிப் பாருங்கள்: மெர்லோவுக்கு அடிப்புறம் வெண்மை, இதற்குச் செம்மை. எனக்கும் முதல் வாரம் குழப்பம்தான். மேஸ்திரியிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் நிற்கிறது.

சாந்தியாகோவாசி:
நன்றி. மிச்சத்தை இன்று, அரைத்த மக்காச்சோள விழுதுக்கு அடியில் கொத்துக்கறி வைத்து அவனில் சுடும் பஸ்தெல் தெ சோக்லோவுடன் குடித்தேன். குடைமிளகாய் உறுத்தவில்லை, மசாலாபோல் சேர்ந்துகொண்டது. பின்கட்டில் ஒரு பழைய கொடி இருக்கிறது. தளிரைத் திருப்பிப் பார்க்க ஆசையாக ஓடினேன். ஜூலை மாதம், இங்கே குளிர்காலம்! மொட்டைக் குச்சிதான் நிற்கிறது.

கொடிக்கால்:
அக்டோபரில் படம் எடுத்துப் போடுங்கள், சொல்கிறேன்.