கசிபொருள், இறக்குபொருள், இறங்குபொருள்

அனைவருக்கும் வணக்கம்.

நீரிலுள்ள அயனிகளை (மின்னூட்டமுள்ள துகள்களை) பிடித்துக்கொண்டு, ஈடாகத் தன்னிடமுள்ளவற்றை விடும் மணிகளான அயனிப் பரிமாற்றப் பிசினிலிருந்து நீரிலும் உணவிலும் சேரும் வேதிப்பொருள்களைக் குறிக்கக் "கசிபொருள்" என்ற சொல் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளது. கேட்டவுடன் விளங்கும் சொல்தான் என்றாலும், பாதுகாப்பு விதிகளில் அதை ஆள்வதற்கு எனக்கு உடன்பாடில்லை.

இத்துறையில் கசிவு என்றால் வேறொன்று. கடினநீரை மென்னீராக்கும் கலனில், பிசின் பிடிக்கத் தவறிய கால்சியம் அயனிகள் வெளிவரும் நீரோடு தப்பிப் போவதையே ஆலைகளில் "லீக்கேஜ்" என்கிறோம். அது உள்ளே வந்த நீரில் ஏற்கெனவே இருந்தது. நாம் பெயர் தேடுவதோ பிசினுக்குள்ளிருந்தே புதிதாக வருவதற்கு. "கசிவு மிகுதி" என்று குறிப்பேட்டில் கண்ட பணியாளர் உப்புக்கரைசலை ஏற்றிப் பிசினை மீளாக்கம் செய்வார், அதாவது மீண்டும் அயனி பிடிக்கும் நிலைக்குக் கொண்டுவருவார். ஆனால் அவர் செய்திருக்க வேண்டியது பிசினை மேலும் கழுவுவதாகவோ, அதை உணவுப் பணிக்கு ஆகாது என்று ஒதுக்குவதாகவோ இருக்கலாம். சொல் மயக்கம் குடிநீர் வரை போய்விடும் என்பதே என் கவலை.

புதிய எதிரயனிப் பிசின் (எதிர்மின் அயனிகளைப் பிடிப்பது) மூட்டையைப் பிரித்தவர்களுக்கு, கசகசா அளவேயான அந்த மணிகளிலிருந்து எழும் மீன்வாடை நினைவிருக்கும். அது டிரைமெத்தில் அமீன், தயாரிப்பின் எச்சம். நேர்மின் அயனிகளைப் பிடிக்கும் நேரயனிப் பிசினின் முதல் கழுவுநீர் சில வேளை வெளிறிய தேநீர் நிறத்தில் வரும். இவை ஓட்டை வழியே ஒழுகுவன அல்ல. வடிகட்டியில் டிகாஷன் இறங்குவதுபோல, மருந்துச் சரக்கின் சாரம் கஷாயத்தில் இறங்குவதுபோல, ஊறி இறங்குவன. நம் அடுக்களையில் நாள்தோறும் புழங்கும் இந்த வினையையே எடுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்கக் கூட்டரசு விதித்தொகுப்பின் 21ஆம் தலைப்பில் உள்ள, உணவு, மருந்து நிர்வாகத்தின் 173.25ஆம் பிரிவு இப்பிசின்களை உணவுச் சேர்க்கைப்பொருள்களின் வரிசையிலேயே வைக்கிறது. பிசினை எவரும் உணவில் கலப்பதில்லை; ஆனால் அதிலிருந்து இறங்குவது உணவின் பகுதியாகிவிடுகிறது. அதனால் பட்டியலிலுள்ள பெரும்பாலான பிசின்களின் வழியே வாலைவடிநீர், 15 விழுக்காடு ஆல்கஹால், 5 விழுக்காடு அசெட்டிக் அமிலம் ஆகியவற்றைத் தனித்தனியே செலுத்திச் சோதிக்கச் சொல்கிறது. மதுவுக்கும் புளிப்பு உணவுக்கும் பிசின் எப்படி ஈடுகொடுக்கும் என்பதைப் பின்னிரண்டும் காட்டிவிடும்.

இங்கே தமிழின் தன்வினை, பிறவினை வேறுபாடு பெரிதும் கைகொடுக்கிறது. ஆய்வகத்தில் கரைப்பானைக் கொண்டு நாம் வெளிக்கொணர்வது இறக்குபொருள். பயன்பாட்டின்போது தானே நீரில் சேர்வது இறங்குபொருள். மருந்துத் துறையினரும் இவ்விரண்டையும் பிரித்தே பேசுகிறார்கள். மேற்சொன்ன சோதனை அளப்பது முன்னதை. இறக்குமதி என்ற சொல்லோடு குழம்பாதா என்று கேட்கலாம். சரக்கு இறக்குவதும் சாறு இறக்குவதும் வழக்கில் இதுவரை மோதியதில்லை.

("பிசின்" நிலைபெற்றுவிட்டது. கருவேலம் பிசின் நீரில் கரையும், இது கரையாது என்ற தடையை நான் எழுப்பப் போவதில்லை.)

இவற்றை ஆண்டால் விதியின் சாரம் இப்படி அமையும்: "குறித்த ஒவ்வொரு கரைப்பானிலும் கிடைக்கும் கரிம இறக்குபொருள் பத்து இலட்சத்தில் 1 பங்கை மிஞ்சலாகாது, பயன்படுத்துமுன் பிசினைச் சிட்டையில் கண்டவாறு பதப்படுத்தியிருக்க வேண்டும்."