மறு: டிரை சால்டருக்கு ஒரு தமிழ்ச்சொல்

> ‘உலர் இணைப்பு’ என்று போட்டு முடித்துவிடலாமே?

அன்புள்ள நண்பர்களே,

சர்க்யூட் போர்டில் பற்றாசு (சால்டர், பாகங்களை இணைக்க உருக்கி விடும் உலோகக் கலவை) சரியாகப் பிடிக்காத இணைப்பைத்தான் டிரை சால்டர் என்கிறோம். நம் கையேட்டில் அதற்கு என்ன சொல் வைப்பது என்பதை அவசரப்பட்டு முடித்துவிட வேண்டாம். ‘உலர்’ என்பதற்கு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. உருகிய பற்றாசு செம்பின் மேல் பரவி அதை நனைக்க வேண்டும்; நனைக்காமல் விட்ட இடம் உலர்ந்த இடம். ஆனால் நம் கையேட்டைப் புரட்டப்போகிறவர் சால்டரிங் அயர்னை முதன்முறையாகக் கையில் எடுப்பவர். அவருக்கு உலர்ந்தது என்றால் காய்ந்தது. பசை காய்ந்தால்தானே ஒட்டும்? ‘உலர் இணைப்பு’ நல்ல இணைப்பு என்றே நினைத்துக்கொள்வார்.

> ‘மங்கல் இணைப்பு’ எப்படி? பார்த்தவுடன் கண்டுபிடிக்க உதவும்.

ஈயம் கலந்த பற்றாசுக்கு இது ஓரளவு சரி. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் சேர்ந்த கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகும், ஆறினால் பளபளக்கும். ஈயமில்லாத வகைகளில் பரவலாகப் புழங்குவது 217 டிகிரி வாக்கில்தான் உருகத் தொடங்கும். நன்றாகப் பிடித்திருந்தாலும் பெரும்பாலும் மங்கலாகத்தான் தெரியும். மங்கலை நம்பினால் நல்ல இணைப்புகளையெல்லாம் மறுபடி சுட்டு, போர்டிலிருந்து செம்புத் தடத்தையே உரித்துவிடுவார்கள். நானும் உரித்திருக்கிறேன்.

பார்க்க வேண்டியது விளிம்பை. கணினியோடு வைத்திருந்த ஒரு ஸ்பீக்கரில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடப்பக்கம் ஒலி போகும், தட்டினால் வரும். திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பாகங்களின் மற்ற கால்களில் (போர்டில் செருகும் கம்பி முனைகளில்) பற்றாசு மலையடிவாரம் போலச் சரிந்து செம்போடு கலந்திருந்தது. ஒரே ஒரு காலில் மட்டும் உருண்டு, தாமரை இலைத் தண்ணீர் போல உட்கார்ந்திருந்தது. தொட்டும் ஒட்டாமலும். ஃபிளக்ஸ் (பற்றாசு பரவ உதவும் பொருள்) தடவி, காலையும் செம்பையும் சேர்த்து இரண்டு மூன்று நொடி சூடாக்கியதும் அந்த உருண்டை அப்படியே அமர்ந்து பரவியது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இந்தப் பழுது எனக்கு விளங்கியது.

அதனால் என் பரிந்துரை: பொய்ப்பற்று.

பிடித்திருப்பது போலத் தோன்றும், பிடித்திருக்காது. ‘மழை பொய்த்தது’ என்கிறோமே, அதே போல ‘மூன்றாம் காலில் பற்று பொய்த்திருக்கிறது’ என்று வினையாகவும் சொல்லலாம். ‘உலர்’ அப்படி வளைந்து கொடுக்காது.

> பற்று என்றால் கணக்கில் வரும் பற்று வரவு நினைவுக்கு வராதா?

வரும். ஆனால் சர்க்யூட் போர்டைப் பற்றிய பத்தியில் யாரும் கணக்கேட்டைத் தேட மாட்டார்கள். ‘பொய்யொட்டு’ என்பதையும் யோசித்தேன். ஒரு நெடில் மாறினால் கள்ள ஓட்டாகிவிடுகிறது. ‘ஆசு’ என்ற சிறிய சொல் மீது எனக்கு ஆசை உண்டு. உலோகத் துண்டுகளை இணைக்கும் பற்றாசு போல அசை சேர்த்து இணைப்பதால்தான் ‘ஆசிடை’ நேரிசை வெண்பாவுக்கே அந்தப் பெயர். ஆனால் ஆசு என்றால் குற்றம் என்றும் பொருள் இருப்பதால் விட்டுவிட்டேன்.

இன்னொன்று. ஒருகாலத்தில் நன்றாகப் பிடித்து, சூடாகி ஆறிச் சூடாகி ஆறி, காலைச் சுற்றி மெல்லிய வளையமாக விரிசல் விட்டுப்போவதும் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர், ஜாக் போல எடையோ இழுப்போ தாங்கும் பாகங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். பழுது பார்ப்பவர்கள் ‘சால்டர் விட்டுப்போச்சு’ என்பது பெரும்பாலும் இதைத்தான். இதற்கு பற்றுவிடல் என்று தனிச்சொல் வைக்கலாம். துறவறம் போல ஒலிக்கிறது என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். இருக்கட்டும், வாயில் ஏற்கெனவே புழங்கும் ‘விட்டுப்போச்சு’ அதற்குள் இருக்கிறது. பிடிக்காமலே போனது ஒன்று, பிடித்த பிறகு விட்டுப்போனது இன்னொன்று. காரணம் வேறு என்பதால் சொல்லும் வேறாக இருக்க வேண்டும்.

கையேட்டில் இந்தச் சொல்லுக்கான பதிவில் ஒரு எச்சரிக்கையைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். தட்டிப் பார்க்கும் சோதனை பேட்டரியில் ஓடும் சிறு கருவிகளுக்கு மட்டும். 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் பவர் சப்ளையில், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும். புதிதாகக் கற்பவர் அதைத் திறக்கவே வேண்டாம்.

சால்டரிங் என்ற வினைக்கு ‘பற்றவைத்தல்’ வெல்டிங்கோடு குழம்புகிறது. ‘பற்றாசிடல்’ சரிவருமா? சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.