மக்கு உரம் புழுவை விரட்டுமா, வரவழைக்குமா?

நாற்றங்கால்: தக்காளிச் செடியைப் பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு. மண்ணிலிருந்து வேருக்குள் புகும், கண்ணுக்குத் தெரியாத வேர்முடிச்சு நூற்புழுதான். மருந்து ஊற்ற மனமில்லை. மக்கு உரத்தை நிறையப் போட்டாலே அடங்கிவிடும் என்கிறார்கள். உண்மையா?

பச்சைமிளகாய்: அடங்கும். நூற்புழுவைத் தின்னும் பூஞ்சைகள் மக்கு உரத்தில் பெருகும். என் கத்தரிப் பாத்தியில் மூன்று வருடமாக மருந்தே இல்லை.

மண்வெட்டி: போன பருவத்தில் நானும் இரண்டு வண்டி சாணக்குப்பை வாங்கிக் கொட்டினேன். வண்டின் இளம்புழுவான வெண்புழுவும் கூடவே வந்து இறங்கியது. வாடிய வெண்டையைத் தோண்டினால் வேரையே காணோம். மூட்டையில் "இயற்கை" என்று எழுதிவிட்டால் புழு படித்துவிட்டு ஓடிவிடுமா?

பச்சைமிளகாய்: அது மக்கு உரமே இல்லை அண்ணே, வெறும் குப்பை. பாதி மக்கிய சாணத்தைத் தேடித்தான் வண்டு முட்டையிட வரும். குவியல் 55 டிகிரிக்கு மேல் சில நாள் சூடாகி, வெளிப்பக்கமும் உள்ளே போகும்படி புரட்டிவிட்டால் முட்டையும் புழுவும் தாங்காது.

மண்வெட்டி: சூடு ஆறிய பிறகு வண்டு மறுபடி வராதா?

பச்சைமிளகாய்: சரி, அது நியாயம். மூடித்தான் வைக்கவேண்டும்.

வேரடிமண்: இளநாற்று அடியில் அழுகிச் சாயும் நாற்றழுகல் நோய்க்கும் நூற்புழுவுக்கும் ஒரே பதில் கிடையாது. நாற்றழுகலைக் கொண்டுவரும் பித்தியம் என்ற கிருமியை நன்கு மக்கிய உரம் அடக்கும். அமெரிக்காவின் ஒஹாயோவில் தாவர நோய் ஆய்வாளர் ஹாரி ஹாய்டிங்க் மரப்பட்டை மக்கை வைத்துத் தொட்டிச் செடிகளில் காட்டியது அதைத்தான். அதே நோயைத் தரும் ரைசாக்டோனியா பூஞ்சை அவ்வளவு சுலபத்தில் மசியாது. அதைத் தாக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா மாதிரி ஆள் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், புழுவைக் கொல்லும் அதே சூடு டிரைக்கோடெர்மாவையும் தீர்த்துவிடும். குவியல் ஆறிய பிறகுதான் கலக்கவேண்டும். நூற்புழு விஷயத்தில் மக்கு உரம் ஒரு வயலில் கேட்கும், இன்னொன்றில் கேட்காது.

மண்வெட்டி: மிளகாய், உண்மையைச் சொல்லுங்கள். வெறும் மக்கு உரம் மட்டும்தானா போட்டீர்கள்?

பச்சைமிளகாய்: வேப்பம் புண்ணாக்கும் கலந்தேன். கத்தரிக்கு முன்னால் ஒரு பருவம் செண்டுமல்லி இருந்தது.

மண்வெட்டி: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! வேலை செய்தது புண்ணாக்கும் செண்டுமல்லியும், பெயர் மட்டும் மக்கு உரத்துக்கு.

பச்சைமிளகாய்: மக்கு உரத்தால் வேர் புதிதாக ஓடுகிறதே, அது கணக்கில் வராதா? பாதி வேரைப் புழு தின்றாலும் செடி காய்க்கிறது.

மண்வெட்டி: காய்க்கட்டும். அதற்குப் பெயர் புழுவைக் கட்டுப்படுத்துவது இல்லை, புழுவோடு குடித்தனம் நடத்துவது.

வேரடிமண்: நாற்றங்கால், பிடுங்கிய முடிச்சு வேரைக் குவியலில் போட்டுவிடாதீர்கள். எரித்துவிடுங்கள்.

நாற்றங்கால்: ஐயோ, நேற்றே போட்டுவிட்டேன். போய் எடுக்கிறேன். அப்புறம் ஒரு பாத்தியில் மக்கு மட்டும், ஒன்றில் புண்ணாக்கோடு, ஒன்று சும்மா. பருவ முடிவில் முடிச்சுகளை எண்ணி இங்கேயே எழுதுகிறேன்.