நந்தினி, குந்தவை: வர்ணனையில் கண்ட அழகும் திரையில் கண்ட முகமும்

கேள்வி:
கல்கியின் நாவலைத் தழுவிய ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படத்தின் முதல் பாகம் 2022இல் வெளிவந்தபோது, பழுவூர் இளையராணி நந்தினியாக ஐஸ்வர்யா ராயும் சோழ இளவரசி குந்தவையாக த்ரிஷாவும் பொருந்துகிறார்களா என்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. நந்தினியின் மேனி பொன்னிறம், முகம் முழுநிலவைப் போல வட்டம் என்றும், குந்தவையின் நிறம் செந்தாமரை, முகம் சற்றே நீண்டது என்றும் கல்கி இருவரையும் ஒப்பிட்டே எழுதியிருக்கிறார். இவ்வளவு நுணுக்கமான வர்ணனை இருக்கையில், அதற்கேற்ற முகங்களையே வாசகர்கள் எதிர்பார்ப்பது நியாயம்தானே?

பதில் 1:
எதிர்பார்ப்பதில் தவறில்லை, ஆனால் முகத்தின் வடிவத்தை மட்டும் அளந்து பார்ப்பது போதாது என்பேன். நாவலில் தஞ்சைக்குப் போகும் வழியில் பல்லக்கு வந்து தன் குதிரையை மோதிவிட்டதாகக் கதாநாயகன் வந்தியத்தேவன் வீண் வழக்குப் பேசுகிறான். திரை விலகி நந்தினியின் முகம் தெரிந்ததும், அத்தனை வாயாடியான அவனுக்கே நாக்குக் குழறுகிறது. அவள் அழகு கதைக்குள் செய்யும் வேலை அதுதான். அறுபத்து நான்கு விழுப்புண்களைத் தாங்கிய அவள் கணவர் பெரிய பழுவேட்டரையர் இந்த வயதில் அவளிடம் கட்டுண்டு கிடக்கிறார் என்பதை நாம் நம்ப வேண்டும். என்னைப் பொறுத்தவரை, ஐஸ்வர்யா ராய் குரலை உயர்த்தாமல் பேசும் காட்சிகளில் அந்த நம்பிக்கை முழுமையாகக் கிடைத்தது.

பதில் 2:
நம் மனத்திலுள்ள முகங்கள் கல்கியின் எழுத்திலிருந்து மட்டும் வந்தவை அல்ல. 1950 முதல் 1954 வரை நாவல் தொடராக வெளிவந்தபோதே, மணியத்தின் ஓவியங்கள் அந்த விழிகளையும் கொண்டைகளையும் வரைந்து கொடுத்துவிட்டன. பிறகு வந்த எந்த நடிகையையும் பலர் அந்த ஓவியத்தோடுதான் ஒப்பிடுகிறார்கள். அதனால் இந்தக் குறை எளிதில் தீராது.

பதில் 3:
என்னை வருத்தியது வேறொன்று. நந்தினியாக நடித்தவருக்கு வயது கூடிவிட்டது என்று பலரும் எழுதினார்கள். குந்தவையின் அண்ணனான பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனும் நந்தினியும் இளமையில் சேர்ந்து பழகியவர்கள், அவனும் இளைஞன்தான். 1966இல் பிறந்த விக்ரம் கரிகாலன் வேடத்தை ஏற்றபோது அதே அளவுகோலை எடுத்தவர்கள் மிகக் குறைவு, இத்தனைக்கும் அவர் 1973இல் பிறந்த ஐஸ்வர்யா ராயைவிட மூத்தவர். அவருடைய கோபத்தையும் புண்பட்ட மனத்தையும் பேசினார்கள், அது சரியே. அந்தப் பெருந்தன்மையை நடிகைக்கும் காட்டியிருக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
வயதைப் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆயினும் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன்: வாய் பேச முடியாத மந்தாகினி என்னும் ஊமை ராணியின் சாயல் நந்தினியிடம் இருப்பது கதையின் முக்கிய முடிச்சு என்பதால், அங்கே முகம் வெறும் அலங்காரம் அல்ல. இரு வேடங்களையும் ஐஸ்வர்யா ராய் ஒருவருக்கே கொடுத்த முடிவு, மூலத்தை ஊன்றிப் படித்தவர்கள் எடுத்த முடிவு என்றே கருதுகிறேன்.