கவிதா கொழும்பு போகிறாள்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு செவ்வாய்க்கிழமை

குழு: மாரியாயிப் பாட்டி குடும்பம்
(குழு விதி, பெரிய மாமா வைத்தது: தமிழ் எழுத்தில், முழு வாக்கியமாக எழுதவும். குரல் பதிவு வேண்டாம்.)

மாலை 6.42
அம்மா: எல்லோருக்கும் வணக்கம். கவிதாவுக்கு வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் பம்பலப்பிட்டியில் நேர்முகப் பரீட்சை. ஹட்டனிலிருந்து இரவு பஸ்ஸில் போனால் விடியுமுன் புறக்கோட்டையில் இறங்கிவிடுவாள். அதன் பிறகு இரண்டு மணி வரை கொழும்பைத் தனியாக, நடந்தே சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொல்கிறாள். நான் சொன்னால் கேட்பதில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.

ரவி அண்ணன்: நல்ல யோசனைதானே, சித்தி.

அம்மா: உன்னிடம் ஆதரவு கேட்கவில்லை, ரவி.

வெள்ளவத்தைச் சித்தி: பம்பலப்பிட்டிக்கு அடுத்த ஊர் வெள்ளவத்தை. அங்கே நமக்கு ஒரு வீடு இருப்பதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

கவிதா: மறக்கவில்லை, சித்தி. அந்த நேரத்தில் வந்து உங்களை எழுப்ப வேண்டாமே என்று நினைத்தேன்.

வெள்ளவத்தைச் சித்தி: பாட்டியின் கருமாதிக்கு நான் இரவு இரண்டு மணிக்கு எழும்பிப் புறப்பட்டு வந்தேன். எனக்கு எழும்பத் தெரியும்.

சின்ன மாமா (கட்டார்): ஆரம்பித்துவிட்டார்கள்.

மாலை 6.58
பெரிய மாமா: கவிதா, உன் ஆசையையும் உன் அம்மாவின் பயத்தையும் ஒருசேர மதித்து எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன், நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள். கோட்டையிலிருந்து பம்பலப்பிட்டி நேர் தெற்கே இருக்கிறது, கடல் மேற்கே இருக்கிறது. ஆகவே கடல் உன் வலக்கைப் பக்கம் இருக்கும்வரை நீ சரியான திசையில்தான் நடக்கிறாய் என்று அறிந்துகொள். கடல் மறைந்துவிட்ட தெருக்களில் கடைப் பெயர்ப்பலகைகளின் அடி வரியில் இருக்கும் தபால் வலய எண்ணைப் பார். கொழும்பு 11 என்றிருந்தால் அது புறக்கோட்டை, 01 என்றால் கோட்டை, 03 கொள்ளுப்பிட்டி, 04 பம்பலப்பிட்டி, 06 வெள்ளவத்தை. தொலைபேசியில் மின்சாரம் தீர்ந்தாலும், யாரிடமும் வழி கேட்கத் தயக்கமாக இருந்தாலும், இந்த எண்களை வைத்தே நீ நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளலாம். சுற்று வழிகளை விட்டுவிட்டால் மொத்தத் தூரம் ஆறேழு கிலோமீட்டர்தான்.

பிரகாஷ்: கூகுள் வரைபடம் இருக்கிறது, மாமா.

பெரிய மாமா: இருக்கட்டும். அதற்கும் மின்சாரம் வேண்டும் என்றுதான் மேலே சொன்னேன்.

அத்தை: இவர் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதையெல்லாம் எழுதுகிறார். தேநீர் ஆறிவிட்டது.

அம்மா: தூரம் எனக்குப் பிரச்சினை இல்லை, அண்ணா. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவள் மகள் அவள். ஏறி இறங்கிப் பழகியவள்தான். தனியாகப் போவதுதான் பிரச்சினை.

பெரிய மாமா: அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். காலிமுகத்திடலின் கடலோர நடைபாதையை ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார். கொழும்பின் பெண்களினதும் குழந்தைகளினதும் நலனுக்காக இதைப் பேண வேண்டும் என்று தனக்குப் பின் வரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொண்டு அங்கே கல்லில் பொறித்து வைத்திருக்கிறார். பெண்களுக்காகவே போட்ட பாதையில் ஒரு பெண்பிள்ளை நடக்கக் கூடாது என்றால் அந்தக் கல்லுக்கு என்ன மரியாதை?

வெள்ளவத்தைச் சித்தி: வெள்ளைக்காரனின் மனைவி நடப்பதற்குப் போட்டது, அண்ணா. நம்முடைய கொள்ளுப்பாட்டி அப்போது கோப்பித் தோட்டத்துக்கு மாத்தளைப் பாதையில் கூடையோடு நடந்துகொண்டிருந்திருப்பார்.

ரவி அண்ணன்: சித்தி சொன்னது சரி. ஆனாலும் இப்போது அந்த இடத்தில் எல்லோரும் நடக்கிறார்கள்.

மாலை 7.15
ரவி அண்ணன்: மாமா சொன்ன பாதையில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது. விடிந்தவுடன் புறக்கோட்டைக்குள் போய்ப் பயனில்லை. கடைகள் திறக்க ஒன்பது மணியாகும். அதுவரை மூடிய இரும்புக் கதவுகளையும் முந்தைய நாள் குப்பையையும்தான் பார்க்கலாம். கோட்டை ரயில் நிலையத்தில் வெளிச்சம் வரும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு நேராகக் காலிமுகத்திடலுக்குப் போகட்டும். அங்கே ஒரு மரம்கூட நிழலுக்கு இல்லை. பத்து மணிக்கு மேல் நின்றால் தலை வெடிக்கும். காலை ஆறரைக்கு என்றால் காற்றும் இருக்கும், நடக்கிறவர்களும் இருப்பார்கள். திரும்பி வந்து புறக்கோட்டையைப் பார்த்துவிட்டுக் கோட்டையிலிருந்து கரையோர ரயிலில் ஏறினால் கொள்ளுப்பிட்டிக்கு அடுத்த நிலையம் பம்பலப்பிட்டி.

பெரிய மாமா: வந்த வழியே திரும்புவது நடைக்கு அழகில்லை, ரவி. ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிக்க வேண்டும். செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து ஆடிவேல் ரதம் காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்குப் போகிற வழி அது. முருகன் தேரில் போகிற பாதையை இவள் காலால் நடந்து போகட்டும் என்கிறேன்.

சின்ன மாமா (கட்டார்): முருகனுக்கு இரண்டு மணிக்கு நேர்முகப் பரீட்சை இல்லை, அண்ணா.

கவிதா: எனக்குப் புறக்கோட்டையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ரவி அண்ணன் வேலை செய்த தெருவைப் பார்க்க வேண்டும்.

ரவி அண்ணன்: அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

கவிதா: இருந்தாலும் சொல்லுங்கள், அண்ணா.

ரவி அண்ணன்: இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையும் கோடு கோடாகக் கட்டிய பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது, 1908இல் கட்டத் தொடங்கியதாம். அதைத் தாண்டினால் ஒரு துணிக் கடை. பெயரைச் சொல்ல மாட்டேன், முதலாளியும் இப்போது இல்லை. மேல்மாடியில் துணிப் பொதிகளின் மேல்தான் எங்களுக்குப் படுக்கை. நம் தோட்டத்துப் பையன்கள் மட்டுமே அங்கே ஐந்தாறு பேர் இருந்தோம். குடித்த தேநீருக்குக்கூடச் சம்பளத்தில் வெட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சரக்கு இறக்குவோம். அத்தனை காலம் கொழும்பில் இருந்தும் அரை மணி நேர நடையில் இருக்கிற காலிமுகத்திடலை நான் பார்த்தது வேலையை விட்டு ஊருக்கு வந்து, பிறகு கலியாணம் முடித்து உங்கள் அண்ணியோடு போனபோதுதான். அதனால்தான் நீ தனியாகச் சுற்றப் போகிறாய் என்றதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அத்தை: ரவி, நீ இதை எங்களிடம் சொன்னதே இல்லையே.

ரவி அண்ணன்: யாரும் கேட்கவில்லை, அத்தை. கவிதா, ஒன்று கவனி. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிற நாட்டாமைமார் தள்ளுவண்டியோடு வரும்போது கத்திக்கொண்டே வருவார்கள். அந்த வண்டிக்குப் பிரேக் கிடையாது. பாரம் ஏறிவிட்டால் அவர்களாலும் நிறுத்த முடியாது. சத்தம் கேட்டவுடன் திரும்பிப் பார்க்காமல் பக்கத்துக் கடைப் படியில் ஏறிவிடு.

மாலை 7.31
அத்தை: புறக்கோட்டைக்குப் போகிறாய் என்பதால் கேட்கிறேன். எங்கள் குக்கருக்கு வாஷர் ஒன்று வேண்டும். ஐந்து லீற்றர்.

பிரகாஷ்: எனக்குத் தொலைபேசி உறை ஒன்று. அளவைத் தனியாக அனுப்புகிறேன்.

அம்மா: ரவிக்கைக்கு உள்துணி இரண்டு மீற்றர் வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் வேண்டாம்.

கவிதா: நீங்கள் போக வேண்டாம் என்றுதானே இவ்வளவு நேரம் சொன்னீர்கள், அம்மா.

அம்மா: போவதென்று ஆகிவிட்டால் வாங்கி வா என்று சொன்னேன்.

பெரிய மாமா: நடந்து சுற்றப் போகிறவளின் கையில் ஆளுக்கொரு பையைக் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு தோள்பை. அதற்குள் சான்றிதழ்களை நெகிழி உறையில் போட்டு வைத்துக்கொள். பரீட்சைக்கு உடுத்தும் உடுப்பைச் சுருட்டி வை. மடித்தால் மடிப்பு விழும். சப்பாத்தைப் பையில் வைத்துவிட்டு, பழகிய செருப்போடு நட. புதுச் சப்பாத்தோடு ஆறு கிலோமீட்டர் நடந்தால் நேர்முகப் பரீட்சையில் உன் முகம் குதிகாலைப் பற்றித்தான் பேசும். அடையாள அட்டையைச் சான்றிதழ்களோடு வைக்காமல் தனியாக வை.

சின்ன மாமா (கட்டார்): கையில் எவ்வளவு வைத்திருக்கிறாய்?

கவிதா: போக வர பஸ்ஸுக்கு எடுத்து வைத்துவிட்டேன், மாமா. அது போக 2,000 ரூபாய் இருக்கிறது. அதற்குள் முடிப்பதென்று தீர்மானம்.

சின்ன மாமா (கட்டார்): நான் 10,000 அனுப்புகிறேன். முச்சக்கர வண்டியில் போ.

வெள்ளவத்தைச் சித்தி: பாட்டியின் கல்லறைக்கு அனுப்புவதாகச் சொன்னதையும் அதோடு சேர்த்து அனுப்பிவிடு, தம்பி.

சின்ன மாமா (கட்டார்): அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம், அக்கா.

கவிதா: காசு வேண்டாம், மாமா. முச்சக்கர வண்டியில் போனால் ஓட்டுநரின் முதுகைத்தான் பார்க்கலாம். களைத்தால் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸோ 101ஓ வரும், ஏறிக்கொள்வேன்.

மாலை 7.50
பெரிய மாமா: இனிக் கோட்டைப் பகுதியைச் சொல்கிறேன். சத்தாம் வீதிச் சந்தியில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் 1857இல் கட்டியது. பிறகு அதன் உச்சியில் விளக்கேற்றிக் கப்பல்களுக்குக் கலங்கரை விளக்கமாகவும் ஆக்கினார்கள். நிமிர்ந்து பார், நடு ஊரில் கலங்கரை விளக்கம் எதற்கு என்று தோன்றும். அதைச் சுற்றி உயரமான கட்டடங்கள் எழும்பியதும் கடலிலிருந்து வெளிச்சம் தெரியாமல் போய்விட்டது. இப்போது துறைமுக நகரத்துக்காக 269 ஹெக்டேயர் நிலத்தைக் கடலில் நிரப்பியிருப்பதால், நான் பார்த்த கடலை அந்தப் பக்கம் நீ பார்க்க முடியாது. காலிமுகத்திடலின் தென்பாதிக்கு வந்தால்தான் கடல் கடலாகத் தெரியும். 2022இல் ஜனாதிபதிக்கு எதிராகக் கூடாரம் போட்டு மக்கள் உட்கார்ந்திருந்தது பழைய பாராளுமன்றக் கட்டடத்துக்கு முன்னால், திடலின் வடமுனையில்.

பிரகாஷ்: அங்கே இஸ்ஸோ வடை, அதுதான் இறால் வடை, சாப்பிடு, அக்கா.

ரவி அண்ணன்: காலையில் இருக்காது. வடை வண்டிகள் மாலையில்தான் நிறைய வரும்.

அம்மா: அண்ணா, ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நீங்கள் கொழும்பில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. என் பிள்ளைக்கு மட்டும் இவ்வளவு வழி சொல்கிறீர்கள்.

மாலை 8.04
பெரிய மாமா: பகலில் போய்ப் பகலிலேயே திரும்பியிருக்கிறேன். அவளும் பகலில்தான் நடக்கப் போகிறாள்.

மாலை 8.11
அத்தை: குடை எடுத்து வை, கவிதா. வெயிலுக்கும் ஆகும்.

வெள்ளவத்தைச் சித்தி: தலவாக்கலைக் குளிரில் இருந்து வருகிறவளுக்கு இந்த ஊர் வெக்கை தெரியாது. ஒன்பது மணிக்கே முதுகு நனைந்துவிடும். அந்த வியர்வையோடு நேர்முகப் பரீட்சைக்குப் போவாளா? எங்கே முகம் கழுவுவாள், எங்கே உடுப்பு மாற்றுவாள் என்று உங்களில் ஒருவராவது யோசித்தீர்களா? கோபுரம், கல்வெட்டு என்று எல்லாம் பேசினீர்கள்.

ரவி அண்ணன்: அது நியாயமான கேள்வி.

பெரிய மாமா: வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1942இல் தொடங்கியது, நல்ல நூலகம். வெயில் ஏறியதும் அங்கே உட்கார்ந்து படிக்கலாம்.

வெள்ளவத்தைச் சித்தி: சங்கத்திலிருந்து எங்கள் வீடு ஐந்து நிமிடம், அண்ணா. சங்கத்துக்கு வரலாம், வீட்டுக்கு வரக் கூடாது என்று ஏதாவது இருக்கிறதா?

சின்ன மாமா (கட்டார்): மஞ்சள் நீராட்டுக்கு நீங்கள் கவிதாவின் அம்மாவுக்குப் பத்திரிகை அனுப்பாததைச் சொல்கிறீர்களா?

அம்மா: தம்பி, நீ வேலையைப் பார்.

வெள்ளவத்தைச் சித்தி: தொலைபேசியில் சொன்னேன். பத்திரிகை அடித்ததே ஐம்பதுதான்.

கவிதா: சித்தி, அதற்காக இல்லை. ஒருவர் வீட்டுக்கு வருவதென்றால் எத்தனை மணிக்கு வருவாய், சாப்பிட்டாயா, இப்போது எங்கே நிற்கிறாய் என்று காலை முழுவதும் அழைப்பு வந்துகொண்டே இருக்கும். ஒரு காலைப்பொழுதாவது எந்தத் தெருவில் திரும்புவதென்று நானே முடிவு செய்து பார்க்க வேண்டும் என்றுதான் இந்த ஏற்பாடு.

ரவி அண்ணன்: அப்படியென்றால் மணிக்கு ஒரு தரம் இந்தக் குழுவில் கொழும்பு எத்தனை என்று எண்ணை மட்டும் போடு. 11, 01, 03. அதைப் பார்த்தால் சித்திக்கும் போதும்.

அம்மா: போதாது. ஆனாலும் அதையாவது செய்யட்டும்.

மாலை 8.30
ரவி அண்ணன்: கடைசியாக ஒன்று. கொள்ளுப்பிட்டிக்குப் பிறகு மரைன் டிரைவில் நடந்தால் ஒரு பக்கம் வீதி, மறுபக்கம் தண்டவாளம், அதற்கப்பால் கடல். நம் ஊரில் தண்டவாளத்தின் மேலேயே நடந்து பழகியிருப்பாய். ரயில் மெதுவாக வளைந்து வரும், ஊதும், ஒதுங்கலாம். அங்கே இரட்டைப் பாதை; ஒரு ரயிலுக்கு ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வரும், அலைச் சத்தத்தில் காதிலும் விழாது. ஊர்க்காரர்கள் அதில் நடப்பார்கள். நீ நடக்காதே.

கவிதா: சரி, அண்ணா. நடக்க மாட்டேன்.

பெரிய மாமா: ஆக, புறக்கோட்டை முதலில் என்று முடிவு.

ரவி அண்ணன்: காலிமுகத்திடல் முதலில், மாமா.

கவிதா: பஸ் எத்தனை மணிக்கு இறக்கிவிடுகிறது என்று பார்த்துக்கொண்டு முடிவு செய்கிறேன்.

வெள்ளவத்தைச் சித்தி: பன்னிரண்டரைக்குச் சோறு வடித்து வைப்பேன். வந்தால் குளித்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அங்கிருந்து பம்பலப்பிட்டிக்குப் பஸ்ஸில் பத்து நிமிடம். வராவிட்டால் இரவுக்கு நாங்கள் சாப்பிடுகிறோம்.

கவிதா: என்ன கறி, சித்தி?

வெள்ளவத்தைச் சித்தி: வியாழக்கிழமை. மரக்கறிதான்.

அத்தை: வாஷர் ஐந்து லீற்றர் இல்லை, மூன்று. இப்போதுதான் அடியில் பார்த்தேன்.