எழுபதுகளில் தேசியச் சேவையாற்றிய தந்தைக்கு இன்று என்ன ஆதரவு உண்டு?

ஈசூன் வாசகி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை 1951ஆம் ஆண்டு பிறந்தவர். 1970இல் சிங்கப்பூரில் ஆண்களுக்கான கட்டாயப் படைப்பணியான தேசியச் சேவைக்கு அழைக்கப்பட்டு, ஈராண்டு முழுநேரச் சேவையில் மூன்று டன் லாரி ஓட்டினார். அதன் பிறகும் நாற்பது வயதுவரை, அழைப்பு வந்தபோதெல்லாம் ரிசர்விஸ்ட் (சேமப்படை) பயிற்சிக்குச் சென்று வந்தார். முழுநேரச் சேவையின்போது வெடிமருந்துப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தவருக்கு முதுகில் அடிபட்டது. முகாமில் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு மறுநாளே வண்டியை எடுத்தார். இன்று அதே இடத்தில்தான் வலி. நாற்காலியிலிருந்து எழுவதற்கே மேசையைப் பிடித்துக்கொள்கிறார்.

2025 நிதியாண்டில் தற்காப்புக்கு 23.4 பில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது என்ற செய்தியை அவருக்குப் படித்துக் காட்டியபோது, "அதில் எங்கள் காலத்து ஆட்களுக்கு ஏதாவது உண்டா அம்மா?" என்று கேட்டார். அவர் குறையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை. தமிழகத்தில் எங்கள் உறவினர் ஒருவர் இந்திய ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுகிறார். இங்கு அவ்வாறு எதுவும் இல்லையா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற வாரண்ட் அதிகாரி:

சகோதரி, உங்கள் தந்தைக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் படையில் நிரந்தரப் பணியாளனாக இருபது ஆண்டுகளுக்கும் மேல் இருந்தவன்; எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

உங்கள் உறவினர் படைப்பணியைத் தொழிலாக ஏற்றவர். 2015இல் இந்திய அரசு அறிவித்த 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' திட்டமும் அத்தகையோருக்கானதே. இங்கு அவருக்கு இணையானவர்கள் என்னைப் போன்ற நிரந்தரப் படையினர்தாம். எங்களுக்கும் பழைய ஓய்வூதிய முறை போய், அதிகாரிகளுக்கு சேவர் திட்டமும், வாரண்ட் அதிகாரிகளுக்கும் ஸ்பெஷலிஸ்டுகளுக்கும் (சார்ஜண்ட் நிலையினர்) பிரீமியம் திட்டமும் வந்தன. பணியில் இருக்கும்போதே அரசு நம் பெயரில் தொகையைச் சேர்த்துவருகிறது. வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் ஓய்வூதியம் என்பது அதில் இல்லை.

தேசியச் சேவையாளர்களின் கணக்கு வேறு. 2010ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட அங்கீகார விருதின்படி படைவீரருக்கு மொத்தம் 9,000 வெள்ளியும் தலைமைப் பொறுப்பில் இருப்போருக்கு 10,500 வெள்ளியும் மூன்று கட்டங்களாக வழங்கப்பட்டன. 2014இல் தேசியச் சேவையை வலுப்படுத்தும் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் போடப்படும் பணமும் சேர்ந்து அத்தொகைகள் 15,000, 16,500 வெள்ளியாக உயர்ந்தன. ஆனால் இவையெல்லாம் முழுநேரச் சேவையை முடிக்கும்போதும், அதற்குப் பிந்திய பயிற்சிச் சுழற்சியின் நடுவிலும் முடிவிலும் கிடைப்பவை. உங்கள் தந்தை அந்தச் சுழற்சியை முடித்துப் பல ஆண்டுகள் ஆன பின்னரே திட்டங்கள் பிறந்தன. 2022இல் தேசியச் சேவையின் 55ஆம் ஆண்டு நிறைவுக்கு வழங்கப்பட்ட 100 வெள்ளியும், 2024 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட 200 வெள்ளியும் அவருக்கும் கிடைத்திருக்க வேண்டும். தேசியச் சேவையாளருக்கான வருமான வரிக் கழிவும் உண்டு. வரி கட்டும் அளவு வருமானம் இல்லாத முதியவருக்கு அதனால் பயன் இல்லை.

இதைச் சொல்லும்போது எனக்கும் மனம் கனக்கிறது. எழுபதுகளில் என்னைப் பயிற்றுவித்த பலர், இன்றைய பயிற்சி வீரர்களிடம் இருக்கும் நல்ல காலணிகள்கூட இல்லாமல் தெக்கோங் தீவில் சேற்றில் நடந்தவர்கள்.

தோ பாயோ வாசகர்:

வாரண்ட் அதிகாரி ஐயா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 1949ஆம் ஆண்டின் முற்பாதியில் பிறந்த ஏறத்தாழ 9,000 இளையர்களே 1967இல் முதன்முதலாகப் பதிந்துகொண்டவர்கள். அவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கே முழுநேரச் சேவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1949 டிசம்பர் 31 வரை பிறந்தோருக்குச் சலுகைகள் தரும் முன்னோடித் தலைமுறைத் தொகுப்புத்திட்டத்திற்குள் அந்த முதல் அணியினர் வந்துவிடுகிறார்கள். உங்கள் தந்தை 1951இல் பிறந்தவர் என்பதால், ஐம்பதுகளில் பிறந்தோர் அடங்கிய மெர்டேக்கா தலைமுறையைச் சேர்ந்தவர். வெளிநோயாளர் சிகிச்சைக்கும் மெடிஷீல்டு லைஃப் மருத்துவக் காப்புறுதிச் சந்தாவுக்கும் அத்தலைமுறைக்குக் கழிவுகள் உண்டு. அவற்றை அவர் முழுமையாகப் பயன்படுத்துகிறாரா என்று பாருங்கள்.

ஆயினும் இவை பிறந்த ஆண்டுக்காகக் கிடைப்பவை, சீருடை அணிந்ததற்காக அல்ல. இங்கு ஆண்களில் பெரும்பாலானோர் சேவையாற்றியவர்கள் என்பதால், முன்னாள் படைவீரர் என்ற தனிப்பிரிவு நம்மிடம் உருவாகவே இல்லை. அதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் கணக்கின் மற்றொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

விடுதலை பெற்ற 1965இல் நம்மிடம் இருந்தவை இரண்டு காலாட்படைப் பிரிவுகள். பிரிட்டிஷ் தளங்களையே நம்பியிருந்தோம். அன்றைய பொருளியலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கும் அத்தளங்களைச் சார்ந்தே இருந்தது. தேசியச் சேவைச் சட்டத் திருத்தத்தை அன்றைய தற்காப்பு அமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீ 1967 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் முன்வைத்து நிறைவேற்றினார். மறு ஆண்டு ஜனவரியிலேயே, 1971க்குள் வெளியேறிவிடுவோம் என்று பிரிட்டன் அறிவித்தது. நிரந்தரப் படையை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வெற்றிடத்தை நிரப்ப நம்மிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை. உங்கள் தந்தையின் தலைமுறை சம்பளமாக அன்றிப் படித்தொகையாகப் பெற்றுக்கொண்டு இளமையில் ஈராண்டைக் கொடுத்ததால்தான் ஒரு படையை எழுப்ப முடிந்தது.

தற்காப்புச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 3 விழுக்காடு என்கிறோம். எஃப்-35 விமானங்கள் இருபதுக்கும் இன்வின்சிபள் வகை நீர்மூழ்கிகளுக்கும் ஆகும் செலவு அதில் தெரிகிறது. ஈராண்டைக் கொடுத்த இளைஞர் வெளியே வேலை செய்திருந்தால் ஈட்டியிருக்கக்கூடிய ஊதியம் அதில் எங்கும் எழுதப்படவில்லை. அது அவர் வீட்டுக் கணக்கில் விழுந்த செலவு. விமானங்கள் வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. நம்மைப் போன்ற சிறிய தீவுக்கு அவை தேவை என்றே நினைக்கிறேன். ஆனால் எழுதப்படாத அந்தச் செலவைச் சுமந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்து மருத்துவமனை வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்குத் தேசியச் சேவையின் பெயரால் மெடிசேவில் ஒரு தொகை சேர்ப்பதைச் சலுகையாகக் கருதக் கூடாது. அது நாம் தர வேண்டிய பாக்கி. விமானச் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையாகவும் இராது. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் மக்கள் சந்திப்பு நாளில் இதை எழுத்து மூலம் கொடுங்கள். நானும் என் தொகுதியில் கொடுக்கிறேன்.

ஒரு படைவீரரின் தாய்:

முதுகுக் காயத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, அதனால் எழுதுகிறேன். சேவையின்போது ஏற்பட்ட காயம் என்று உறுதியானால் சிகிச்சைக்கும், நிரந்தரப் பாதிப்பு இருந்தால் இழப்பீட்டுக்கும் வழி இருக்கிறது. சிக்கல் சான்றில்தான் வரும். என் மகனுக்கு முழங்கால் பிசகியபோது, அன்றே மருத்துவக் குறிப்பும் காயம் பற்றிய அறிக்கையும் வாங்கி வைக்கும்படி அவனுடைய சார்ஜண்ட் வற்புறுத்தினார். அந்தத் தாள் இல்லாவிட்டால் பின்னர் நாங்கள் மிகவும் சிரமப்பட்டிருப்போம்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய காயத்திற்கு வழி எளிதாக இருக்காது. இருந்தாலும் அப்பாவின் பழைய லெவன் பி அட்டை (படைவீரர் அடையாள அட்டை), சேவை முடித்த சான்றிதழ், அக்காலத்து மருந்துச்சீட்டு, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். உடன் பணியாற்றிய நண்பர் யாரேனும் இருந்தால் அவர் நேரில் கண்டதை எழுதி வாங்குங்கள். அவற்றோடு தற்காப்பு அமைச்சுக்கு எழுதி, அவருடைய மருத்துவப் பதிவு இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். இப்போது முதுகைப் பார்க்கும் மருத்துவரிடமும், காயம் எந்த ஆண்டு எப்படி ஏற்பட்டது என்பதைச் சொல்லிக் கோப்பில் பதியச் சொல்லுங்கள்.

ஈசூன் வாசகி:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு அலமாரியின் மேல்தட்டில் இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தோம். சேவைச் சான்றிதழ் இருக்கிறது. மருத்துவக் குறிப்பு எதுவும் இல்லை. ஆனால் லாரியின் முன்னால் ஆறு பேர் நிற்கும் புகைப்படம் ஒன்று கிடைத்தது. அதில் இடப்பக்கம் நிற்பவர், பெட்டி விழுந்த அன்று உடனிருந்தவராம். அவர் தெம்பனிசில் இருப்பதாக அப்பாவுக்கு நினைவு. ஞாயிற்றுக்கிழமை அவரைத் தேடிச் செல்கிறோம். அமைச்சுக்கான கடிதத்தை அதற்குப் பிறகு எழுதுவேன்.