டாப்பெட் சத்தமே இல்லாத புல்லட்

அப்பாரு ஓட்டிய 1974 மாடல் புல்லட் 350 பதினெட்டு வருசம் கட்டுத்தரை ஓரமாகச் சாக்கு மூடிக் கிடந்தது, கோழி அடைகாத்ததெல்லாம் அதன் சீட்டுக்கு அடியில்தான். போன தைப்பூசம் முடிந்ததும் எடுத்து எஞ்சினைப் பிரித்தேன். கோயமுத்தூரில் ஒரு லேத்தில் கொடுத்து சிலிண்டர் போரை ஒரு சைஸ் கடைந்து, புது பிஸ்டன், புது ரிங், எக்ஸாஸ்ட் வால்வும் புதுசு, வால்வு உட்காரும் சீட்டை வெட்டி, பேஸ்ட் போட்டு வால்வைத் தேய்த்து உட்காரவைத்து, ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துப் பூட்டி வாங்கினேன். மூன்றாவது கிக்கில் ஸ்டார்ட். டாப்பெட் சத்தம் (வால்வைத் தூக்கும் டாப்பெட்டில் விடும் சின்ன இடைவெளியால் வரும் டிக் டிக்) சுத்தமாக இல்லை. தையல் மிஷின் கணக்கா ஓடுதுன்னு பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். அந்த அமைதியில்தான் நான் ஏமாந்தேன்.

முந்நூறு கிலோமீட்டர் வரை ஐம்பதைத் தாண்டாமல் ஓட்டினேன், ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ணாரியில் சாமி கும்பிட்டுவிட்டுத் திம்பம் ஏறினேன். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவு, நான் ஒன்பதாவதைத் தாண்டவில்லை. இழுவை போனது, சைலன்சரில் பட் பட்டென்று வெடித்தது, ஐடிலில் நிற்காமல் அணைந்தது. கிக்கரை மிதித்தால் சிலிண்டர் காத்தை வெளியே விடும் டீகம்ப்ரசரைப் பிடித்துக்கொண்டு மிதிப்பது போல வெறுமனே கீழே போகிறது. ஓரமாகத் தள்ளி நிறுத்தி, முக்கால் மணி நேரம் கரும்பு லாரிகள் உறுமிக்கொண்டு ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. திரும்பிக் கீழே இறங்கிவிட்டேன்.

சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. அப்படியானால் கண்டென்சர்தான் என்று எல்லாரும் சொன்னார்கள், மாற்றினேன். அடுத்து காயில், அதையும் மாற்றினேன். பிளாட்டினம் பாயின்ட் புதுசு. கார்புரேட்டரை மூன்று தடவை கழுவினேன். பூட்டிக் கொடுத்த மெக்கானிக், ரிங் இன்னும் செட் ஆகலை, ஆயிரம் ஓடட்டும் என்றார். போன காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கடைசியில் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு பெரியவரிடம் போனேன். எழுபதைத் தாண்டியவர், கடைக்குப் போர்டு கூடக் கிடையாது. வண்டியைத் தொடாமல் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏங்கண்ணு, மலையில நின்னப்ப கிக்கர்ல காத்துப் புடிச்சுதா?"

"இல்லீங்கய்யா, சும்மா எறங்குச்சு."

"அப்பறம் எதுக்குக் காயிலை மாத்துன?"

எனக்குச் சுருக்கென்றது. காயிலோ கண்டென்சரோ போயிருந்தால் பொறிதான் வராது, காத்தை அமுக்குகிற கம்ப்ரஷன் எங்கே போகும்? சூட்டில் மட்டும் கம்ப்ரஷன் இல்லையென்றால் பெரும்பாலும் வால்வு மூடவில்லை என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை, அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மறுநாள் வெடியால வரச் சொன்னார். ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினில்தான் டாப்பெட்டைத் தொடுவாராம். பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினார். பிளக் ஓட்டையில் விரலை வைத்தபோது காத்து தள்ளியது, அதுதான் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். பிஸ்டன் உச்சிக்கு வந்ததா என்று பார்க்க இளநீர் ஸ்ட்ரா ஒன்றை உள்ளே விட்டார். கம்பி விட்டால் மாட்டிக்கொள்ளும், பிஸ்டனிலும் கோடு விழும். பிறகு போருக்குப் பக்கத்தில் இருக்கும் டாப்பெட் கவரின் ஒற்றை நட்டைக் கழற்றி, டாப்பெட்டிலிருந்து மேலே ஹெட்டுக்குப் போகும் கம்பியான புஷ் ராடைச் சுற்றிப் பார் என்றார். இன்லெட் இறுக்கமாகச் சுற்றியது. எக்ஸாஸ்ட் அசையவே இல்லை.

காரணத்தை அவர் சொன்னபோதுதான் புரிந்தது. புது ஹெட் பேக்கிங் ஓட ஓட நசுங்கி உட்காரும், ஹெட் ஒரு மயிரளவு கீழே இறங்கும், அதோடு வால்வை அமுக்கித் திறக்கும் ராக்கரும் இறங்கிப் புஷ் ராடை அழுத்தும். புதுசாக வெட்டிய சீட்டில் வால்வும் கொஞ்சம் பதிந்து உள்ளே போகும், அப்போது அதன் காம்பு மேலே ஏறும், அந்தப் பக்கமும் இடைவெளி குறையும். ஆக, முதல் நாள் சரியாக வைத்த டாப்பெட்டை முந்நூறு கிலோமீட்டரில் எஞ்சினே தின்றுவிட்டது. இதற்கு மேல் சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வும் நீளும். ஆறிய எஞ்சினில் மயிரிழையில் மூடிக்கொண்டிருந்தது மலையேறியதும் மூடவே இல்லை. இப்படியே ஓட்டியிருந்தால் வால்வு கருகியிருக்கும்.

முதலில் ஹெட் நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கினார், அதற்குப் பிறகுதான் டாப்பெட். மாற்றிச் செய்தால் ஹெட்டை இறுக்கும்போது வைத்த இடைவெளி மறுபடி போய்விடும். அங்கே மூன்று ஸ்பானர் வேண்டும்: அடியில் டாப்பெட்டைப் பிடிக்க ஒன்று, நடுவில் லாக் நட்டுக்கு ஒன்று, மேலே திருக ஒன்று. கடையில் வாங்குவது தடிமனாக இருக்கும் என்று தன் ஸ்பானர்களை கிரைண்டரில் தேய்த்து மெலிசாக்கி வைத்திருந்தார். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் எல்லாம் இல்லை. புஷ் ராட் இரண்டு விரலில் லேசாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது, அதுதான் அளவு. புது வேலை என்பதால் எக்ஸாஸ்டுக்கு மட்டும் ஒரு துளி ஆட்டம் விட்டார். லாக் நட்டை இறுக்கும்போது செட்டிங் நகர்ந்துவிட்டது, அவிழ்த்து மறுபடி வைத்தார். நான்கு தடவை. எனக்குக் காப்பி ஆறிப்போனது.

ஸ்டார்ட் செய்தால் லேசாக டிக் டிக். நான் முகம் சுளித்ததைப் பார்த்து, "சத்தம் கேட்டா வால்வு மூடுதுன்னு நெனச்சுக்கோ" என்றார். சூடானதும் கிக்கர் மேல் ஏறி நிற்கச் சொன்னார். எழுபத்தெட்டு கிலோவைத் தாங்கிக்கொண்டு மெதுவாக இறங்கியது.

அடுத்த இருநூறில் நானே திறந்து பார்த்தேன், எக்ஸாஸ்ட் திரும்பவும் கொஞ்சம் இறுகியிருந்தது. ஐந்நூறில் மாற்றமில்லை. உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்க.

* * *

படித்தவர் ஒருவரின் பதில்: நான் பண்ணுனது இதைவிடப் பெரிய கூத்துங்க. ஃபோர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் இரண்டு தடவை உச்சிக்கு வரும் என்பதை மறந்து, எக்ஸாஸ்ட் முடிந்து இன்லெட் திறக்கிற உச்சியில் டாப்பெட்டை வைத்துவிட்டேன். அந்த இடத்தில் இரண்டு வால்வுமே கொஞ்சம் திறந்திருக்கும், புஷ் ராட் இறுக்கமாகத்தான் இருக்கும். சுற்றும் வரைக்கும் லூஸ் பண்ணினேன். ஸ்டார்ட் ஆனதும் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம், வீட்டு நாய் தோட்டத்துக்கு ஓடிவிட்டது. ஒரு நிமிசத்தில் அணைத்ததால் தப்பித்தேன். பிளக் ஓட்டையில் விரல் வைக்கிறதை இப்போதெல்லாம் விடுவதில்லை.

* * *

திருப்பூரிலிருந்து. என் வண்டியில் மூன்று தடவை சீட் வெட்டி, வால்வு ஆழமாகப் போய், அட்ஜஸ்டரை முழுசாக இறக்கியும் புஷ் ராட் இறுக்கமாகவே இருந்தது. காம்பு நுனியைத் தேய்த்துவிடலாம் என்று ஒருத்தர் சொன்னார். லேத்துக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, நுனியில் இருக்கிற கடினமான பதம் போய்விட்டால் ராக்கர் அதைக் குழித்துவிடும் என்று புது சீட் அடித்துக் கொடுத்தார். செலவுதான், ஆனால் அதற்கப்புறம் தொந்தரவு இல்லை.

* * *

டாப்பெட் கவரில் ஆயில் கசிகிறவர்களுக்கு: அந்த ஒற்றை நட்டை முறுக்க முறுக்கக் கவர் வளைந்து இன்னும்தான் கசியும். அளவாக இறுக்கினால் போதும். பேக்கிங் கிடைக்காத ஊரில் நான் கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, ஆயிலில் நனைத்துப் போட்டேன். மச்சினன் கல்யாணப் பத்திரிகை, எட்டு மாசமாகத் தாங்குது.